வாழைத் தோட்டத்துச் சடாரி

அத்தியாயம் 6

பெலிண்டாவின் தலைமேல் பெருமாளின் திருவடி இறங்கியபோது அவளுக்குப் பக்தி வரவில்லை, கழுத்துதான் சுளுக்கிக்கொண்டது. பித்தளையில் கிட்டத்தட்ட ஒரு குட்டி அண்டா அது. தொண்டர் ஒருவர் அதைத் தூக்கிக் கவிழ்த்ததும் உலகம் இருண்டது. விளிம்பு காதுவரை வந்து நின்று, மறுபடி மேலே போனது. பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்து, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற பெண் அவள். திருவளர்ச்சோலையில் ஒரு வாழைத் தோட்டத்துக் கொட்டகையில் வரிசையில் நின்று அவள் குனிந்ததற்கு ஒரே காரணம், பின்னால் நின்ற முதலாளி பீமராவ் 'குனி' என்று கண்ணைக் காட்டியதுதான்.

வெளியே வந்ததும், எப்படி இருந்தது என்று அவர் கேட்டார்.

"ஹெல்மெட் மாதிரிதான் பாஸ். ஆனா இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டினா போலீஸே கும்பிட்டு அனுப்பிடும்."

பீமராவ் சிரிக்கவில்லை. புத்தூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் அவருடைய துப்பறியும் நிறுவனம் இருந்தது. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே ஏதாவது உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் அங்கே அன்றாடப் பிழைப்பு. கடவுளை விசாரிக்கச் சொல்லி வந்த முதல் ஆள் இருசம்மாள்தான்.

இருசம்மாளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்தது இந்த வாழைத் தோட்டம் ஒன்றுதான். வடிகால் வெட்டும்போது மண்வெட்டியில் இந்தப் பித்தளைச் சாமான் தட்டுப்பட்டது. ஒட்டியிருந்த சேறு காய்வதற்குள் தங்கையன் வந்து இறங்கிவிட்டார். சுற்றியிருந்த வயல்களை எல்லாம் வாங்கி மனை போட்டவர் அவர். இருசம்மாளின் நிலம் மட்டும் அவருடைய மனைப்பிரிவுக்கு நடுவில் சொத்தைப் பல் மாதிரி நின்று உறுத்திக்கொண்டிருந்தது. சாமானைப் பார்த்த மாத்திரத்தில் தங்கையன் செருப்பைக் கழற்றினார். கண்ணீர் விட்டார். பெருமாள் கோயிலில் தீர்த்தம் தந்த பிறகு பக்தர்கள் தலையில் வைத்து எடுப்பார்களே, திருவடி பொறித்த சடாரி, இது அதேதான் என்றார். மேலே இருக்கும் இரண்டு மேடும் இரண்டு திருவடிகளாம்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அறக்கட்டளை வந்தது, கொட்டகை வந்தது, மைக்செட் வந்தது. யூடியூபில் ஒருவர் இது சோழர் காலம் என்றார். இன்னொருவர் சோழரைச் சின்னப் பையன் ஆக்கிவிட்டு அதற்கும் முன்னால் போனார். வாட்ஸ்அப்பில் அந்தப் பித்தளையின் வயது நாளொரு நூற்றாண்டும் பொழுதொரு வம்சமுமாக ஏறிக்கொண்டிருந்தது. புனித பூமியில் அரிவாள் படக்கூடாது என்று தங்கையன் அறிவித்துவிட்டதால், முற்றிய பூவன் தார்கள் மரத்திலேயே பழுத்து வௌவாலுக்குப் போய்க்கொண்டிருந்தன. இன்று மாலை வி.ஏ.ஓ. முன்னிலையில் இருசம்மாள் நிலத்தை அறக்கட்டளைக்குத் தானமாக எழுதிக் கொடுக்கிறாள் என்று பேனர்கூடக் கட்டியாகிவிட்டது.

பேனர் கட்டியவர்கள் கேட்காத ஒன்றை இருசம்மாள் மட்டும் கேட்டாள். முந்தின நாள் பஸ் பிடித்துப் புத்தூருக்கு வந்து பீமராவ் முன்னால் நின்றபடியே சொன்னாள்:

"நெசமாவே சாமி சாமான்தான்னா நான் கையெழுத்துப் போட்டுடறேங்க. சாமிக்கு இல்லாத நெலம் எனக்கு எதுக்கு? ஆனா அது சாமி சாமானான்னு எனக்குத் தெரியணும். ஊர்ல யாரைக் கேட்டாலும் தங்கையன் முகத்தைப் பாத்துட்டுப் பதில் சொல்றாங்க."

அதனால்தான் இந்தத் தலைகுனிவு.

வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பீமராவ் தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். நகக்கண்ணில் சந்தனம். சந்தனத்தோடு மஞ்சளாக ஏதோ பொடி மின்னியது. தொட்டுக் கும்பிடுகிற சாக்கில் அந்த 'திருவடி' மேட்டைச் சுரண்டியிருக்கிறார். பாத்திரம் முழுக்கக் கறுத்துக் களிம்பேறிக் கிடக்க, சந்தனத்துக்கு அடியில் அந்த இரண்டு மேடும் மட்டும் புதுப் பித்தளையாகப் பளபளத்தன என்றார். அங்கே ஏதோ இருந்திருக்கிறது. யாரோ சமீபத்தில் அறுத்து எடுத்திருக்கிறார்கள். மிஞ்சியது இரண்டு அறுபட்ட அடிக்கட்டை.

பெலிண்டா தலையைச் சொறிந்துகொண்டாள். விரலோடு ஏதோ வந்தது.

"பாஸ், எனக்கு நரைக்குது. ஆனா செவப்பா நரைக்குது."

சிவப்பாக ஒரு சின்ன நூல் பிசிறு. அவள் சட்டையில் சிவப்பு கிடையாது. கொட்டகையில் கட்டியிருந்த துணி மஞ்சள். பீமராவ் அதை வாங்கிப் பக்கத்துப் பெட்டிக்கடை லைட்டரில் காட்டினார். பிசிறு சுருண்டது. முடி கருகும் நாற்றம் வந்தது. பஞ்சாக இருந்தால் காகித வாடை அடிக்கும், இது கம்பளி என்றார் அவர். திருச்சி வெயிலில் கம்பளி உடுத்திய பெருமாள் யார் என்று பெலிண்டா கேட்டாள். அவர் வண்டியை எடுக்கச் சொன்னார்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சௌந்தரராஜ பட்டர் இருந்தார். கோயில் கைங்கரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். செல்போனில் பெலிண்டா காட்டிய படத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். எவ்வளவு தூரம் தலையில் இறங்கியது என்று கேட்டார். காதுவரை என்றதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"சடாரி சிரஸைத் தொடும், சிரஸை முழுங்காது. ஸ்பர்சம்தானே அதுல விசேஷமே. மேலே திருவடி ரெண்டும் சேர்ந்து ஸ்பஷ்டமா இருக்கும். இது இந்தக் கோடிக்கு ஒண்ணு, அந்தக் கோடிக்கு ஒண்ணுன்னா நிக்கறது?"

இதை அவர் ஏன் முன்பே யாரிடமும் சொல்லவில்லை என்று பீமராவ் கேட்டார். பட்டருக்குக் கோபம் வரவில்லை. அறக்கட்டளைக்காரர்கள் தேங்காய் பழத்தட்டோடு வந்ததையும், இது என்ன என்று கேட்காமல், சடாரிதான் என்று சொல்லிவிட்டால் போதும் என்று கேட்டதையும் சொன்னார். மாட்டேன் என்றதும் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். தேங்காய் அழுகல்தான், வாசனையே வந்தது என்றும் சேர்த்துக்கொண்டார்.

காவிரிப் பாலத்தில் பாதி வந்தபோது பீமராவ் பின்னாலிருந்து பெலிண்டாவின் தோளைத் தட்டி வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். அவருக்கு யோசனை வந்தால் நடுரோடு, நடுப்பந்தி என்று பார்க்க மாட்டார். பின்னால் வந்த பஸ்காரர் சொன்ன வார்த்தையை பெலிண்டா மனதில் எழுதி வைத்துக்கொண்டாள்.

தலைக்குச் சரியாக இருக்கிறது, உள்ளே கம்பளிப் பிசிறு இருக்கிறது, சாயம் சிவப்பு என்று அவர் அடுக்கினார். மேலே குவிந்து போகாமல் தட்டையாக முடிகிறது. "இந்த ஊர்ல யார் தலையில செவப்புக் கம்பளி வச்சிருந்தாங்க, சொல்லு."

"ரயில்வே போர்ட்டர். இல்ல, அது துணி. ஜோக்கர்?"

"துருக்கித் தொப்பி, பெலிண்டா. செவப்பா, மேல குஞ்சம் வச்சு, மட்டமா இருக்கும். அது அப்படியே வெறப்பா நிக்கணும்னா எப்படி நிக்கும்? கசங்கினா யார் சரி பண்ணுவா?"

பெலிண்டாவுக்கும் அப்போது விளங்கியது. வேட்டிக்கு இஸ்திரி உண்டு. தொப்பிக்கும் ஒன்று இருந்திருக்கத்தானே வேண்டும். வண்டி தொப்பிக் கடைகள் இருக்கும் பாலக்கரைக்குத் திரும்பியது.

பாலக்கரையில் விசாரித்த முதல் கடையில் முறைத்தார்கள். இரண்டாவது கடையில், தொப்பி வேண்டுமானால் வலைத்தொப்பி இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார்கள். அதற்கு அடுத்த கடையில் இருந்த பெரியவர் மட்டும், தொப்பி தேய்த்த இடத்தில் இப்போது பிரியாணி வேகிறது, போய்ச் சாப்பிடுங்கள் என்று கையைக் காட்டினார். பெலிண்டாவுக்கு அந்த வழக்கில் முதல் முறையாக உற்சாகம் பிறந்தது.

ஜெகபர் அலியின் கடையில் பிரியாணித் தேக்சா அடுப்பில் இருந்தது. அவர் தாத்தா காலத்தில் அங்கே துருக்கித் தொப்பி தேய்க்கும் பட்டறை நடந்தது உண்மைதான் என்றார் ஜெகபர் அலி. கணக்கப்பிள்ளையிலிருந்து மாப்பிள்ளை வரை அங்கேதான் தொப்பி தேய்க்க வருவார்களாம். அந்தத் தொழில் போனதில் அவருக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. கம்பளி கருகிய வாடையைத் தெரு முழுக்கப் பரப்பியதைவிட மசாலா வாடை மேல் என்றார்.

"எங்க அத்தா சொல்லுவாங்க, அச்சு ரெண்டு துண்டுன்னு. கீழ இரும்பு, அதுக்குள்ள நெருப்பு. அது மேல தொப்பியை மாட்டி, பித்தளை மூடியை ரெண்டு கைப்பிடியும் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்கினா தொப்பி நட்டுக்கிட்டு நிக்குமாம்."

கீழ் இரும்பு இப்போது எங்கே என்று பீமராவ் கேட்டார். ஜெகபர் அலி கரண்டியால் காட்டினார். தேக்சா மூடியின் மேல், வயிறு நிறையக் கங்கோடு அது தம் போட்டுக்கொண்டிருந்தது. முன்பு தொப்பி வெந்த இடத்தில் இப்போது சீரகச் சம்பா வேகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பித்தளை மூடி போன ரம்ஜானுக்கு முன்னால் விலைக்குப் போய்விட்டதாம். கல்யாண மண்டபம் கட்டுகிற ஒரு பெரிய மனிதர், வாசலில் அலங்காரமாக வைக்கப் பழைய பித்தளை தேடி வந்தார். இரும்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார். கடைக்கு வருகிற பெரிய மனிதர்களின் படத்தைச் சேர்த்து வைப்பது ஜெகபர் அலியின் பழக்கம். செல்போனைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒரு படத்தில் நிறுத்தினார்.

படத்தில் இரண்டு பித்தளைக் கைப்பிடிகளும் கொம்பு மாதிரி மேலே நிற்க, அடியில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது தங்கையனின் முகம்.

பெலிண்டா பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தள்ளினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சைவமான பீமராவ் ஒரு டீயோடு எழுந்தார். கங்கைக் கொட்டி, இரும்பை ஆற வைத்து, சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜெகபர் அலியும், வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்த அவர்களோடு ஆட்டோவில் ஏறினார். மாலையில் பிரியாணி கேட்டு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தார்.

திருவளர்ச்சோலையில் விழா களைகட்டியிருந்தது. முன்வரிசை நாற்காலியில் வி.ஏ.ஓ. ரெஜிஸ் வியர்த்துக்கொண்டிருந்தார். சாமான் யாருடையது என்று தெரியாத பழம்பொருளா இல்லையா என்று அவர் தாலுகா ஆபீசுக்கு எழுதியாக வேண்டும். பழம்பொருள் என்று எழுதினால் தோட்டத்துக்குப் பூட்டு, தாருக்கும் பூட்டு. மேடையில் தானப் பத்திரமும் மைப்பெட்டியும் தயாராக இருந்தன. இருசம்மாள் நல்ல சேலை கட்டி, ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பீமராவைப் பார்த்ததும் அவள் கண் அவரை விட்டு நகரவில்லை.

பீமராவ் மைக்கைக் கேட்டு வாங்கினார். பக்தர் ஒருவர் நாலு வார்த்தை பேசப் போகிறார் என்று நினைத்துத் தங்கையனே எடுத்துக் கொடுத்தார். ஜெகபர் அலி சாக்கைப் பிரித்து இரும்பைப் பட்டு விரித்த முக்காலியில் வைத்தார். பீமராவ் பித்தளையை எடுத்து அதன் மேல் இறக்கினார். உள்ளிருந்த காற்று புஸ்ஸென்று வெளியேற, மூடி கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்தது. அது என்ன, எதற்கு, எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று அவர் சுருக்கமாகச் சொன்னார். கூட்டத்தில் பலர் கை தானாகத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. தலைமைத் தொண்டர் முக்காலியை விட்டு மெல்லத் தள்ளி நின்றார்.

இத்தோடு முடிந்தது என்று பெலிண்டா நினைத்தாள். தங்கையனை அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

தங்கையனுக்கு ஒரு வாய் சோடா குடிக்கிற நேரம்தான் தேவைப்பட்டது. மைக்கைத் திரும்ப வாங்கினார். பெருமாள் பள்ளிகொண்ட இந்த ஸ்ரீரங்கத் தீவில் துருக்கித் தொப்பி அச்சு கிடைத்திருக்கிறது, ஒற்றுமைக்கு இதைவிடச் சாட்சி உண்டா என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். ஆகவே இதே இடத்தில் மத நல்லிணக்க மண்டபம் எழும்பும் என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. ஜெகபர் அலி வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் தோளில் ஒரு பொன்னாடை விழுந்துவிட்டது.

பெலிண்டா விடவில்லை. மேடையேறி, ஜெகபர் அலியின் செல்போனை முன்வரிசைக்குத் திருப்பிக் காட்டினாள். இதை வாங்கியவரே இவர்தான், கைப்பிடியை அறுத்து வயலில் புதைத்தவரும் இவர்தான் என்றாள். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. தங்கையனும் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் திரண்டது.

"ஆமா, நான் வாங்கினதுதான். என் மண்டபத்து வாசல்ல வச்சிருந்தேன், திருட்டுப் போயிடுச்சு. கைப்பிடி இல்லாததால எனக்கே அடையாளம் தெரியல. எடுத்தவன் ஆத்துல போட்டிருக்கலாம், காட்டுல போட்டிருக்கலாம். இந்த வயல்ல கொண்டாந்து போட வச்சது யாரு? நீங்களே சொல்லுங்க."

இந்தத் தடவை கைதட்டலோடு விசிலும் பறந்தது. திருட்டுப் பொருளே திரும்பி வந்த மண் என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார். பெலிண்டா கீழே இறங்கி வந்தாள்.

"பாஸ், இவர்கிட்ட கொலை பண்ணின கத்தியைக் காட்டினா, வாங்கி ஆப்பிள் நறுக்கிக் குடுப்பாரு போல."

உண்மையைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பித் தொழில் நடத்துகிறவர் பீமராவ். கண்டுபிடித்ததை எல்லாம் இறக்கி வைத்தாயிற்று. தங்கையன் ஒவ்வொன்றையும் பொறுக்கி மாலையாகக் கட்டித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். மேடையில் யாரோ மைப்பெட்டியைத் திறந்தார்கள். இருசம்மாளின் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள்.

இருசம்மாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மேடைக்குப் போனாள். பத்திரத்தின் பக்கம் திரும்பவில்லை. தங்கையனுக்கு நேராகப் போய் நின்றாள்.

"ஏங்க, அப்ப இது உங்க சாமானுங்களா?"

தங்கையன் கைதட்டல் வாங்கிய சூட்டில் இருந்தார். "என் சாமான்தான் அக்கா. சத்தியமா. காசு குடுத்து வாங்கினது."

அது மைக்கிலும் கேட்டது. அவள் வி.ஏ.ஓ. பக்கம் திரும்பினாள்.

"சார், எழுதிக்குங்க. அவரு சாமான் தொலைஞ்சு போயி என் வயல்ல கெடந்துச்சு. நான் எடுத்தேன், திருப்பிக் குடுத்துட்டேன். எடுத்துக்கிட்டுக் கெளம்பச் சொல்லுங்க. கொட்டகையையும் சேத்து."

ரெஜிஸின் முகம் மலர்ந்தது. பக்கம் பக்கமாக எழுத வேண்டிய அறிக்கை ஒரே வரியில் முடிந்தால் எந்த அரசு ஊழியருக்குத்தான் கசக்கும். தொலைந்த பொருள், உரியவர் ஒப்புக்கொண்டார் என்று எழுதித் தங்கையனிடம் கையெழுத்துக்கு நீட்டினார். தங்கையன் வாயைத் திறந்தார். என்னுடையது இல்லை என்றால் இத்தனை பேர் முன்னால் செய்த சத்தியம் பொய்யாகும். அறுத்தது யார், புதைத்தது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். என்னுடையதுதான் என்றால் இங்கே அவருக்கு மேற்கொண்டு வேலை இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. தொண்டர்களே கொட்டகையின் கயிற்றை அவிழ்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இருசம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கையன் பித்தளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வரப்பில் தடுமாறிப் போவதை பெலிண்டா வீடியோ எடுத்தாள். ஜெகபர் அலி பொன்னாடையில் இரும்பைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவைத் தேடி ஓடினார்.

பெலிண்டா துள்ளிக்கொண்டு இருசம்மாளிடம் போனாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய ஆள் நீங்கள் என்று சொல்லத்தான் போனாள். இருசம்மாள் மிதிபட்ட ஒரு வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

நிலம் தப்பித்துவிட்டதே, இன்னும் என்ன அழுகை என்று பெலிண்டா கேட்டாள்.

"அதுக்கு இல்லம்மா. நான் கோயிலுக்குப் போனா கூட்டத்தைப் பாத்துட்டுக் கொடிமரத்தோட நின்னு கும்பிட்டுட்டு வந்துடுவேன். முன்னாடி போயி நிக்க கூச்சமா இருக்கும். ஒரு நாளும் தலையில சடாரி வாங்கினதில்ல. அதான் இவ நம்மளத் தேடி வர மாட்டான்னு சாமியே வயலுக்கு வந்துடுச்சுன்னு நெனச்சேன். நெசமாவே நெனச்சுட்டேன்மா."

அறுத்த கைப்பிடி, பொய்ச் சத்தியம், பேனர் எல்லாவற்றையும் பெலிண்டா இதுவரை சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள். தங்கையன் மீது அவளுக்கு உண்மையான கோபம் இப்போதுதான் வந்தது.

இருசம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பழுத்த தார் போக மிச்சத்தையாவது நாளைக்கு மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டும், ஆள் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள்.